பழைய மலைச் சைக்கிள்: முழு வண்டியா, வெறும் ஃபிரேமா, புதுப்பித்ததா, வெளிநாட்டு ஏலமா?

“யாரும் கேள்விப்படாத பெயரில் ஒரு பழைய மலைச் சைக்கிள் வேண்டும். வெறும் ஃபிரேமை வாங்கி உதிரிபாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா, யாராவது புதுப்பித்து வைத்திருப்பதை வாங்குவதா, அல்லது வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா?” சைக்கிள் மேல் பித்துக்கொண்ட நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நான் இருப்பது இங்கிலாந்தில். கேட்பவர்களில் பெரும்பாலோரும் இங்கேதான் இருக்கிறார்கள். அதனால் உதாரணங்களை இங்குள்ள சந்தையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகம் கை மாறாத ஒரு வண்டியை, கழற்றப்படாத நிலையில், முழுதாக வாங்குங்கள். அதன் பெயர் எவ்வளவு அரிதாகவும் இருக்கட்டும். ஆனால் அதன் அளவுகள் அந்தக் காலத்தில் எல்லாரும் பயன்படுத்திய சாதாரண அளவுகளாக இருக்க வேண்டும். மற்ற மூன்று வழிகளும் தவறானவை அல்ல. ஒவ்வொன்றும் சிலருக்கு மட்டும் பொருந்தும்.

## எந்தக் காலத்து வண்டிகள்?

1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, ‘ரீபேக்’ எனப்பட்ட மலைப்பாதையில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்குப் பந்தயம் ஓட்டினார்கள். ஒருமுறை கீழே வந்து சேர்வதற்குள் பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) இருந்த கிரீஸ் எரிந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ், குரோம்-மாலி எனும் கலப்பு எஃகில் இதற்கென்றே ஃபிரேம் செய்தார். அந்த முதல் வரிசையில் மொத்தம் பத்து வண்டிகள். முதலாவது இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்த ஃபிரேம்களைக் கொண்டு வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஜப்பானில் செய்வித்து விற்ற ஸ்டம்ப்ஜம்பர் மூலம் இது பெருந்தொழிலானது. 1996இல் ஜப்பானின் பாகத் தயாரிப்பு நிறுவனமான ஷிமானோவின் வி-பிரேக் வந்தது. நான் பேசுவது ஏறத்தாழ இந்த இருபது ஆண்டுகளைப் பற்றி.

“அரிது” என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸின் ஃபேட் சான்ஸ், கலிஃபோர்னியாவின் மவுண்டன் கோட், பிரிஸ்டலின் ஓவர்பரிஸ் போன்ற சிறு பட்டறைகளின் வண்டிகள் பொதுமக்களுக்குத் தெரியாதவை. சேகரிப்பாளர்களுக்கோ மிக நன்றாகத் தெரிந்தவை. அவற்றில் மலிவு விலை கிடைப்பது அபூர்வம்.

இன்னொரு வகை, பெரிய ஆலைகளில் நேர்த்தியாகச் செய்யப்பட்டு, பெயர் மட்டும் மறந்துபோனவை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பெயர்பெற்ற பானாசோனிக், 1980களில் ‘மவுண்டன் கேட்’ என்ற வரிசையை அமெரிக்காவில் விற்றது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய கோனோசுகே மட்சுஷிதா சிறுவயதில் சைக்கிள் கடையில் வேலை பழகியவர் என்பதை நினைத்துக்கொண்டால் அது அவ்வளவு வியப்பானதல்ல. மியாட்டா தன் குழாய்களைத் தானே செய்துகொண்ட ஆலை; யூனிவேகா என்ற பெயரில் வந்த பல வண்டிகள் மியாட்டாவில் செய்யப்பட்டவை. 1985க்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏற ஏற, ஜப்பானியச் சைக்கிள்கள் வெளிநாட்டுச் சந்தையில் விலை போகவில்லை. வேலை தைவானுக்குப் போயிற்று. பிரிட்ஜ்ஸ்டோனின் அமெரிக்கக் கிளை 1994இல் மூடப்பட்டது. தரம் குறைந்து மறைந்த பெயர்கள் அல்ல இவை. நாணய மாற்று விகிதம் விழுங்கிய பெயர்கள். தேடத் தகுந்த புதையல் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

## எவற்றை வைத்து எடை போடுவது?

நான் முதலில் பார்ப்பது, வண்டி சாலையில் ஓடும் நிலைக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவு. கேட்கும் விலை அதில் ஒரு பகுதிதான். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, கேபிள், கிரீஸ் என்று தேய்மானப் பொருள்களை மட்டும் மாற்றினாலே 100 பவுண்டை நெருங்குவது சாதாரணம். இலவசமாகக் கிடைத்த வண்டிக்கும் இந்தச் செலவு உண்டு.

இரண்டாவது, அளவுகள். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். 26 அங்குலச் சக்கரத்துக்கு நல்ல டயர் இன்றும் கிடைக்கிறது. அதில் கவலை இல்லை. சீட் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 மி.மீ. என்று 0.2 மி.மீ. வித்தியாசத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. தவறான தண்டைத் திணித்தால் குழாய் பிளக்கும், தளர்ந்ததைப் போட்டு இறுக்கினால் குழாயின் வாய் நசுங்கும். ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள குழாய் 1 அங்குலமா, 1⅛ அங்குலமா என்று பாருங்கள். 1⅛ என்றால் நிம்மதி. கேரி ஃபிஷர் 1990 வாக்கில் கொண்டுவந்த 1¼ அங்குல ‘எவல்யூஷன்’ அளவு சிறிது காலமே வாழ்ந்தது. அதற்கான ஹெட்செட்டையும் (அந்தக் குழாயில் உள்ள பேரிங் தொகுதி) ஃபோர்க்கையும் தேடுவதே தனி வேட்டை.

பின்சக்கர அச்சின் அகலமும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் 126, 130 மி.மீ., 1990ஐ ஒட்டி 135 மி.மீ. எஃகு ஃபிரேமாக இருந்தால் 130ஐ 135 ஆக விரிக்கலாம். அலுமினியத்தில் அந்த முயற்சியே கூடாது.

பிரேக்கில் ஒரு தனி எச்சரிக்கை. 1986 முதல் 1988 வரை பின்பிரேக்கை செயின் தண்டின் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயின்) அடியில் பொருத்துவது நாகரிகமாக இருந்தது. யூ-பிரேக், ரோலர் கேம் என இரு வகை. சேறு முழுவதும் அங்கேதான் போய் அடையும். சாதாரண கான்டிலீவர் பிரேக்கை, ஃபிரேமில் பிரேக் மாட்டும் அந்தக் குமிழ்களில் மாட்ட முடியாது. குமிழ்களின் இடமே வேறு. ஆனால் பிஎம்எக்ஸ் சைக்கிள்களுக்கு வரும் யூ-பிரேக்குகள் பொருந்தும் என்பதால் இதற்காக மட்டும் ஒரு நல்ல வண்டியைக் கைவிட வேண்டாம்.

கியரில், ஷிமானோவின் 7 வேக ஹைப்பர்கிளைடு இருந்தால் பல்சக்கரங்கள் இன்றும் கடையில் கிடைக்கும். அதற்கு முந்தைய யூனிகிளைடு, ஷிமானோவின் போட்டி நிறுவனமான சன்டூரின் மைக்ரோடிரைவ் ஆகியவற்றுக்குப் பழைய இருப்பைத்தான் நம்ப வேண்டும். சன்டூரின் கியர்ப் பிடிகளில் உள்ள ‘கிளிக்’ படிகள் ஷிமானோவின் பல்சக்கரங்களோடு ஒத்துப்போகாது. ஆனால் பிடியில் உராய்வு முறைக்கு (‘கிளிக்’ படி இல்லாமல் நகர்த்தும் முறைக்கு) மாற்றும் வசதி இருந்தால் எந்தப் பல்சக்கரத்தோடும் ஓட்டலாம். கட்டைவிரலால் தள்ளும் அந்தக் காலப் பிடிகளை அறிந்தவர்கள் விரும்பித் தேடுவதற்கு இதுவே முதல் காரணம்.

மூன்றாவது, பெயர் உண்மையா என்பது. ஸ்டிக்கரை யாரும் அச்சடித்து ஒட்டலாம். நான்காவது, உங்கள் உடலுக்குப் பொருந்துமா என்பது. அந்தக் காலத்து வண்டிகளில் ஹேண்டில்பார் முன்னே நீண்டு தாழ்ந்திருக்கும். குனிந்து ஓட்ட வேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு 17, 18 அங்குல ஃபிரேம் போதும். 20, 21 அங்குலத்தில் இருப்பது மலிவாகக் கிடைக்கும். காலை ஊன்ற முடியாத வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டமே. ஐந்தாவது, உங்களிடம் உள்ள நேரமும் கருவிகளும்.

## முழு வண்டி, அக்கம்பக்கத்து விற்பனையில்

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கம்ட்ரீ, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சைக்கிள் பட்டறைகள், நகராட்சிக் கழிவு மையங்களை ஒட்டிய மறுபயன்பாட்டுக் கடைகள் ஆகியவை இதற்கான இடங்கள். விற்பவர் பெரும்பாலும் வீடு மாறுகிறவர், அல்லது தந்தையின் கொட்டகையைக் காலி செய்கிறவர். “ஆண்கள் சைக்கிள், பச்சை நிறம், டயரில் காற்றில்லை” என்பதோடு விளம்பரம் முடிந்துவிடும். பெயரைப் போட்டுத் தேடினால் அந்த வண்டி உங்கள் கண்ணில் படவே படாது.

ஆகவே வேறு சொற்களால் தேட வேண்டும். பாகங்களின் பெயர், அதாவது டியோர், சன்டூர், பயோபேஸ். குழாயில் ஒட்டியிருக்கும் தான்கே, ரெனால்ட்ஸ், ரிச்சி லாஜிக் போன்ற பெயர்கள். பிராண்டு பெயரின் எழுத்துப் பிழைகள். “பழைய”, “கொட்டகை”, “1990” போன்ற பொதுச் சொற்கள். அதற்குப் பிறகு படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கண் பழக வேண்டியது ஸ்டிக்கருக்கு அல்ல. ஃபோர்க்கின் வடிவம், பின்சக்கரம் மாட்டும் முனையின் வார்ப்பு, குழாய்கள் சேரும் இடத்தின் நேர்த்தி ஆகியவற்றுக்கு. பித்தளையால் பற்றவைத்து அரத்தால் வழித்த இணைப்பு, மங்கலான படத்திலும் வழுவழுப்பாகத் தெரியும்.

இந்த வழிக்கு நான் முதலிடம் கொடுக்கக் காரணம் சந்தையின் கணக்கு. 1987இல் வந்த ஷிமானோவின் டியோர் எக்ஸ்டி எம்730 பாக வரிசை முழுதாக உள்ள ஒரு வண்டியைக் கழற்றினால், கியர்ப் பிடி தனியாக, பிரேக் தனியாக, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) தனியாக, ஹப் தனியாக விலை போகும். அவற்றின் கூட்டுத்தொகை முழு வண்டியின் விலையைத் தாண்டும். அதனால்தான் நல்ல வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்பதையே சிலர் தொழிலாக வைத்திருக்கிறார்கள். முழு வண்டி வாங்கும்போது அந்த லாபம் உங்களிடம் தங்குகிறது. வெறும் ஃபிரேம் வாங்கும்போது அதே லாபத்தை நீங்கள் மற்றவருக்குக் கொடுக்கிறீர்கள். அதோடு, முழு வண்டியில் எல்லா அளவுகளும் ஒன்றோடொன்று ஏற்கெனவே பொருந்தியிருக்கின்றன. சரியான சீட் தண்டு உள்ளேயே இருக்கிறது!

அந்தத் தண்டு அங்கேயே இறுகிப்போய் இருக்கலாம் என்பதுதான் இதன் மிகப் பெரிய மறைமுகச் செலவு. எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு கிரீஸ் இல்லாமல் பல ஆண்டுகள் நின்றால், இரு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு ஏற்பட்டு ஒட்டிக்கொள்கிறது. ஊடுருவும் எண்ணெய், நாள்கணக்கான பொறுமை, நீண்ட நெம்புகோல் இவற்றில் சில விடுபடும். விடுபடாததை உள்ளிருந்து ரம்பத்தால் அறுக்க வேண்டியிருக்கும். காஸ்டிக் சோடாவால் அலுமினியத்தைக் கரைக்கும் முறையும் உண்டு. அது கண்ணையும் தோலையும் எரித்துவிடக் கூடியது. அலுமினிய ஃபிரேமையும் சேர்த்துக் கரைத்துவிடும். அனுபவம் இல்லாதவர்கள் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஆகவே வாங்குமுன் விற்பவர் எதிரிலேயே தண்டைத் தளர்த்தி அசைத்துப் பாருங்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டையும் அப்படியே.

அசல் கிராங்க் பற்றி இன்னொன்று. 1997இல் ஷிமானோ சில மலிவு வகைக் கிராங்குகளைத் திரும்பப் பெற்றது. முறிந்து விழும் அபாயம் இருந்தது. எஃப்சி-சிடி90, எஃப்சி-எம்290, எஃப்சி-எம்சி12 ஆகிய எண்கள் கிராங்கின் பின்புறம் இருந்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் அதைக் கழற்றி மாற்றுங்கள்.

சொந்தமாக ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர், அல்லது கற்றுக்கொள்ள விரும்புகிறவர், குறிப்பிட்ட ஒரே பெயருக்காகப் பிடிவாதம் பிடிக்காதவர், இப்படிப்பட்டவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தேடும் காலத்தையும் கவனியுங்கள். வசந்தம் பிறந்ததும் எல்லாருக்கும் சைக்கிள் ஆசை வந்துவிடுகிறது. குளிர்காலத்தில் போட்டியும் குறைவு, விலையும் இறங்கும்.

## வெறும் ஃபிரேம்

படத்தில் மிக அழகாகத் தெரிவது இதுதான். அழுக்கான சக்கரமோ கிழிந்த சீட்டோ இல்லாத வெறும் வண்ணக் குழாய்கள். விலையும் முழு வண்டியைவிடக் குறைவாகவே எழுதியிருக்கும்.

பிறகு பட்டியல் தொடங்குகிறது. ஹெட்செட், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சு), சீட் தண்டு, ஸ்டெம், ஹேண்டில்பார், கிராங்க், இரு டீரெய்லர்கள் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவிகள்), பிடிகள், பிரேக்குகள், ஹப், ரிம், ஆரக்கம்பி, பெடல், சீட். முன் டீரெய்லரின் வளையத்துக்கே மூன்று அளவுகள் இருக்கின்றன: 28.6, 31.8, 34.9 மி.மீ. கேபிள் மேலிருந்து இழுக்குமா, கீழிருந்து இழுக்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாகமும் தனித் தபாலில் வரும். தபால் செலவு மட்டும் சேர்ந்து ஒரு பழைய முழு வண்டியின் விலையை எட்டிவிடும். அந்த ஆண்டுக்குரிய அசல் பாகங்களே வேண்டும் என்று நினைத்தால் செலவுக்கு வரம்பே இல்லை. பல மாதங்கள் கழித்தும் ஃபிரேம் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபிரேம் விரிசல் விட்ட, அல்லது உங்கள் உயரத்துக்குச் சற்றும் பொருந்தாத, ஆனால் பாகங்கள் நல்ல நிலையில் உள்ள மலிவான முழு வண்டி ஒன்றை முதலில் வாங்குங்கள். பாகங்கள் கையில் இருக்கும்போது, அவற்றுக்குப் பொருந்தும் ஃபிரேமைத் தேடுங்கள். எல்லாரும் ஃபிரேமை வாங்கிவிட்டுப் பாகம் தேடுவதால்தான் இவ்வளவு துன்பப்படுகிறார்கள்.

டைட்டானியத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுப்பேன். மெர்லின், லைட்ஸ்பீட் போன்றவற்றின் ஃபிரேம்கள் துருப்பிடிப்பதில்லை. பெயின்ட் இல்லாததால் விரிசல் மறைந்து நிற்கவும் இடமில்லை. உள்ளே இறுகிய தண்டு இல்லை என்று உறுதியானால் அதை வெறும் ஃபிரேமாக வாங்குவதில் அச்சமில்லை.

## புதுப்பித்து விற்கப்படுவது

புதுப்பித்தவர் போட்ட உழைப்புக்கு ஏற்ற கூலி, விற்பனை விலையில் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஹப்பைப் பிரித்துப் பால்ரஸ் மாற்றி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, புதுக் கேபிள் போட்டு முழு ஓவர்ஹால் செய்த வண்டிக்கு ஆன மணிநேரத்தைக் கணக்கிட்டால், கேட்கும் விலை நியாயமானது மட்டுமல்ல, பல சமயம் மலிவானதும்கூட. இதை அதிகம் பேர் உணர்வதில்லை. கருவி இல்லாதவர், அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை செய்ய இடமில்லாதவர், அடுத்த வாரமே ஓட்ட விரும்புகிறவர் ஆகியோர் தயங்காமல் இந்த வழியில் போகலாம்.

கவனிக்க வேண்டியது பெயின்ட். புதிய பவுடர் பெயின்ட் அழகானது, ஆனால் தடிமனானது. கீழ்க்குழாய் நெளிந்திருந்தால் அசல் பெயின்ட்டில் சுருக்கம் காட்டிக்கொடுத்துவிடும். புதுப் பெயின்ட்டில் அந்தத் தடயமே இருக்காது. மெல்லிய விரிசலும் அடியில் மறைந்துவிடும். பழைய பெயின்ட்டின் கீறல்களோடு இருக்கும் வண்டியையே நான் அதிகம் நம்புவேன். புதுப்பிக்கும் முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். நேர்மையாக வேலை செய்தவரிடம் அவை கட்டாயம் இருக்கும், பெருமையோடு காட்டுவார்.

பெயரில் ஏமாறும் ஆபத்து அதிகமுள்ள வழியும் இதுதான். சாமர்வில்லில் இருந்த ஃபேட் சான்ஸ் பட்டறை 1994இல் மூடப்பட்டது. கேரி ஃபிஷரின் நிறுவனத்தை 1993இலும், க்ளைன், பான்ட்ரேகர் ஆகியவற்றை 1995இலும் அமெரிக்க நிறுவனமான டிரெக் வாங்கியது. அதற்கு முந்தையது, பிந்தையது என்று சேகரிப்பாளர்கள் விலையில் வேறுபாடு காட்டுகிறார்கள். ஆகவே ஆண்டைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல விற்பவருக்குக் காரணம் உண்டு. பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பொறித்த எண்ணையும், மாற்றப்படாத பாகங்களில் உள்ள தேதிக் குறிகளையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

## வெளிநாட்டு ஏலம்

ஒரே ஒரு மாதிரிதான் வேண்டும், அது உள்ளூரில் விற்கப்பட்டதே இல்லை என்றால் இந்த வழி. சினெல்லியின் 1985ஆம் ஆண்டு ராம்பிக்கினோ, இத்தாலியர்களுக்கு மலைச் சைக்கிளை அறிமுகப்படுத்திய வண்டி. அதை பர்மிங்காமில் எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட இத்தாலியில் தேடுவது முறை. ஜப்பானிய ஏலங்களில் உள்நாட்டிலேயே விற்கப்பட்ட அராயா, மியாட்டா வண்டிகள் வருகின்றன. ஜெர்மனியின் க்ளைன்அன்சைகன் தளத்திலும் நல்ல இருப்பு உண்டு. ஆனால் பலர் “நேரில் வந்து எடுத்துக்கொள்பவருக்கு மட்டும்” என்று எழுதிவிடுகிறார்கள்.

ஏலத்தில் வென்ற தொகை முதல் படி மட்டுமே. ஜப்பானில் இடைத்தரகர் கட்டணம், பெட்டி கட்டும் கூலி, விமானச் சரக்குக் கட்டணம், பிறகு இறக்குமதி வரி. பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையிலிருந்து வெளியேறியதால் 2021 முதல் ஜெர்மனியிலிருந்து வரும் பொருளுக்கும் மதிப்புக்கூட்டு வரியும் சுங்கச் சோதனையும் உண்டு. முழு வண்டியின் பெட்டி பெரிது என்பதால், எடையைவிடப் பெட்டியின் அளவுக்கே பணம் போகும். இந்த வழியில் மட்டும், முழு வண்டியைவிட வெறும் ஃபிரேம் வாங்குவது புத்திசாலித்தனமாக அமையலாம். விரிசலோடு வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்புவது நடைமுறையில் இயலாத காரியம். மொழி தெரியாத விற்பனையாளரிடம் கூடுதல் படம் கேட்டுப் பெறும் பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | முழு வண்டி | வெறும் ஃபிரேம் | புதுப்பித்தது | வெளிநாட்டு ஏலம் |
|---|---|---|---|---|
| முதல் விலை | குறைவு | குறைவுபோலத் தெரியும் | அதிகம் | முன்கூட்டிச் சொல்ல முடியாது |
| ஓடும் நிலை வரை கூடுதல் செலவு | மிதம் | மிக அதிகம் | மிகக் குறைவு | அதிகம் |
| மறைந்திருக்கும் ஆபத்து | இறுகிய தண்டு | பொருந்தாத அளவுகள் | பெயின்ட்டின் அடியில் விரிசல் | வரி, சேதம், திருப்பித் தர இயலாமை |
| பெயர் உண்மையாக இருக்கும் வாய்ப்பு | நன்று | விசாரிக்க வேண்டும் | விசாரிக்க வேண்டும் | படத்தைப் பொறுத்தது |
| கருவி, நேரம் | வார இறுதிகள் சில | பல மாதங்கள் | தேவையில்லை | பொறுமை அதிகம் வேண்டும் |

## விசித்திர வடிவங்களின் மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு

அரிய வண்டி என்றதும் சிலர் மனத்தில் வருவது பெயர் அல்ல, வடிவம். பிரிட்டனில் செய்யப்பட்ட கிர்க் பிரிசிஷன் ஃபிரேம், குழாயே இல்லாமல் மக்னீசியத்தை அச்சில் வார்த்தது. ஸ்லிங்ஷாட்டில் கீழ்க்குழாய் இருக்க வேண்டிய இடத்தில் எஃகுக் கேபிள் ஓடும். அல்பைன்ஸ்டார்ஸ், நிஷிகி ஏலியன் போன்றவற்றில் செயின் தண்டு செயினுக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். ஜெஃப் ஆப்ஸ் 1980களின் தொடக்கத்தில் செய்த க்ளீலேண்ட், அமெரிக்கர்களைப் பார்த்துச் செய்ததல்ல. இங்கிலாந்தின் சேற்றுக்காக ஃபின்லாந்துப் பனி டயர்களை மாட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்படி அவர் தனியே சிந்தித்துச் செய்த வண்டி. இவற்றின் மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

ஆனாலும் இவற்றை முதல் வண்டியாக வாங்கச் சொல்ல மாட்டேன். வார்த்த மக்னீசியம் உடைந்தால் ஊரில் பற்றவைப்பார் இல்லை. மேலே தூக்கிய செயின் தண்டு ஃபிரேம்களில் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி விரிசல் தேடிப் பார்ப்பது கட்டாயம். க்ளைன் ஃபிரேம்களில் பேரிங்கை நேரடியாக அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதை மாற்றத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஸ்பெஷலைஸ்ட் எபிக் போலக் கார்பன் குழாயை உலோக இணைப்பில் பசையால் ஒட்டியவற்றில், முப்பது ஆண்டு கழித்தும் பசை பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து உறுதி செய்ய முடியாது. அவற்றில் மலை இறங்காதீர்கள். 1990களின் எலாஸ்டோமர் வைத்த சஸ்பென்ஷன் ஃபோர்க்குகளில் அந்த ரப்பர் கட்டைகள் கல்லாகியோ பிசினாகியோ போயிருக்கும். ஓட்டுவதற்கு வாங்குகிறவர்கள், அசைவில்லாத எஃகு ஃபோர்க் உள்ள வண்டியையே தேடுங்கள். இத்தகைய வடிவங்களைச் சுவரில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. அவர்களுக்கு வெறும் ஃபிரேமே போதும்.

## நேரில் பார்க்கப் போகும்போது

ஒரு சிறு காந்தம், நூல், டார்ச், ஆறுமுகச் சாவிகள், அளவு பார்க்கும் கேலிப்பர். காந்தம் ஒட்டினால் எஃகு. ஸ்டிக்கரில் எது எழுதியிருந்தாலும் காந்தம் சொல்வதை நம்புங்கள்.

முதலில் கீழ்க்குழாயும் மேற்குழாயும், ஹேண்டில்பார் திரும்பும் ஹெட் குழாயோடு சேரும் இடத்துக்கு அடுத்த இரண்டு அங்குலத்தை விரலால் தடவுங்கள். நெளிவு தென்பட்டால் முன்பக்கம் எதிலோ மோதிய வண்டி, திரும்பி வந்துவிடுங்கள். பிறகு நூலை ஹெட் குழாயில் சுற்றி, பின்சக்கர முனைகள் இரண்டுக்கும் இழுத்துக் கட்டி, நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளவிடுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும், ஒரு மி.மீ. வித்தியாசம் பொருட்டல்ல. சீட் குழாயின் மேல் பிளவு, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய இணைப்புகள், செயின் பக்கத்துத் தண்டு ஆகிய இடங்களில் டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். சீட் தண்டை வெளியே இழுத்து, அதில் பொறித்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஃபிரேம் எண்ணைப் படியுங்கள். பிரிட்டனில் பைக்ரெஜிஸ்டர் பதிவேட்டில் அந்த எண்ணைச் சரிபார்த்தால் திருட்டு வண்டி என்று புகார் பதிவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எண்ணை அரத்தால் தேய்த்து அழித்திருந்தால், விலை எதுவாக இருந்தாலும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். எண்ணைப் படம் எடுத்து அனுப்பத் தயங்குகிறவரின் வண்டியைப் பார்க்க ரயிலேற வேண்டியதே இல்லை.